பழைய ளையும் தூரத்துக் கப்பலும்

வ.உ.சி.யின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு படத்துக்கு டைட்டிலும், நடுநடுவே வருகிற அனிமேஷன் துண்டுகளும் செய்து கொடுக்கிற வேலையில் ஐந்து மாதம் போயிருக்கிறது. படம் 70 நிமிடம். என் பங்கு எட்டரை நிமிடம். நொடிக்கு 24 பிரேம் கணக்கில் 12,240 பிரேம். பாளையங்கோட்டையில் என் மாடி அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவை. நம் எழுத்தைத் திரையில் அசைய வைக்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுத்தான் இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறோம், அதனால் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது ஆகும்.

முதல் சிக்கல் அவர் பெயரிலேயே வந்தது. சிதம்பரம் பிள்ளை. கடைசி எழுத்தைப் பாருங்கள், ளை. இன்று நாம் எழுதுகிற மாதிரி ஐகாரக் கொம்பைத் தனியாக முன்னால் போட்டு அவர் காலத்தில் எழுதவில்லை. ணை, லை, ளை, னை நான்கும் அப்போது தலைக்கு மேலே யானைத் தும்பிக்கை போல வளைந்து ஒட்டியிருக்கும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காது, கீழே சுழித்துக்கொண்டு எழுத்தோடு சேர்ந்துவிடும். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு போட்ட எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகுதான் பாடப்புத்தகத்திலிருந்து இந்த வடிவங்கள் போயின. பிள்ளை என்று போட்டால் ளை, சிதம்பரனார் என்று போட்டால் னா, எந்தப் பெயரை எடுத்தாலும் ஒரு பழைய எழுத்து வந்து நிற்கிறது. 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து 1936-ல் மறைந்தவர் தன் பெயரை இன்றைய ளை போட்டு எழுதியிருப்பார் என்று நினைக்க இடமில்லை. அப்படியிருக்க டைட்டிலில் மட்டும் புதிய எழுத்தைப் போட்டால் முதல் நொடியிலேயே படம் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

இயக்குநர் என்னைவிட இளையவர். "அண்ணே, இப்ப உள்ள பிள்ளைகளுக்குப் பழைய எழுத்து வாசிக்க வருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் அம்மா மளிகைச் சீட்டு எழுதும்போது இன்றைக்கும் கடலைப்பருப்புக்குப் பழைய லைதான் போடுவாள், அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கிற கடைப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, ஒரு நாளும் அவன் தடுமாறியதில்லை. பக்கத்து எழுத்துகள் கைகொடுத்துவிடும். இதைச் சொன்னதும் சம்மதித்தார். ஆனால் படத்தில் வரும் விளக்க வரிகள், ஆண்டு, ஊர்ப் பெயர் எல்லாம் இன்றைய எழுத்தில்தான் இருக்கின்றன. அவர் காலத்துப் பொருள் பழைய எழுத்தில், நாம் பேசுவது நம் எழுத்தில். இந்த வரம்பைப் படம் முடியும்வரை மீறவில்லை.

சரி, அந்த எழுத்துக்கு எங்கே போவது? கணினிக்குப் பழைய ளையும் புதிய ளையும் ஒரே குறியீடுதான், உருவம் எழுத்துருவைப் பொறுத்தது. பழைய உருவம் உள்ள எழுத்துரு ஒன்றிரண்டு பார்த்தேன், கோடுகள் எல்லாம் ஒரே தடிமனாக, அச்சில் மை பட்ட உணர்வே இல்லாமல் இருந்தன. கடைசியில் வீட்டிலேயே கிடைத்தது. ஆச்சியின் தகரப்பெட்டியில், பாளையங்கோட்டை சர்ச் மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சான ஒரு ஜெபப் புத்தகம், அட்டை போய், ஓரமெல்லாம் பூச்சி அரித்து. அதை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒரே பக்கத்தில் இருக்கும் பத்து 'ம'வும் பத்து விதம். ஒன்றில் மை கூடி வயிறு அடைத்திருக்கிறது, ஒன்றில் அடிக்கோடு தேய்ந்திருக்கிறது. அந்த எழுத்துகளைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்தேன். தேய்வையும் விடாமல்தான் வரைந்தேன்.

அப்புறம் அசைவு. தமிழ் எழுத்தை அனிமேஷன் செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். எழுத்து எழுத்தாக வர வேண்டும் என்று மென்பொருளிடம் சொன்னால் அதற்கு எழுத்து என்பது வேறு. 'கொ' என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே எழுத்து, மென்பொருள் அதைக் கொம்பு தனி, க தனி, கால் தனி என்று பிய்த்துப் போடும். பழைய பதிப்புகளில் கொம்பு ஒரு பக்கம் ஓடிவிட, அதன் இடத்தில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிய பதிப்புகள் பரவாயில்லை, ஆனாலும் நான் நம்புவதில்லை. பெயரை முழுவதும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு, எழுத்துவாரியாக நானே கையால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லேயர் போட்டுவிடுவேன். பிரிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்: சி, த, ம், ப, ர, ம். வாய் எங்கே பிரிக்கிறதோ அங்கேதான் கத்தியும் விழ வேண்டும்.

அதிலும் புள்ளியை மட்டும் தனி லேயராக வைத்தேன். எங்கள் அம்மா ஒரு வார்த்தையை முழுக்க எழுதி முடித்துவிட்டு, பிறகு திரும்பி வந்து டக் டக் என்று புள்ளி வைத்துக்கொண்டு போவாள். டைட்டிலில் பெயர் அப்படித்தான் எழுதப்படுகிறது. முதலில் 'சிதமபரம பிளளை' என்று நிற்கும், 14 பிரேம் அப்படியே. பார்க்கிறவர் ஏதோ குறைகிறதே என்று நினைப்பதற்குள் மூன்று புள்ளிகளும் ஐந்து ஐந்து பிரேம் இடைவெளியில் வந்து விழும், பெயர் முழுசாகும். ஒலி அமைப்பவர் அந்த மூன்று புள்ளிக்கும் பேனா முள் தாளில் படுகிற சத்தத்தை மட்டும் வைத்தார், பின்னணி இசை எதுவும் இல்லை. எட்டரை நிமிடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு நொடி அதுதான்.

டைட்டிலுக்கு முதலில் பேசப்பட்டது வேறு. கப்பலின் சுக்கான் சக்கரம் சுற்றும், சுற்றிச் சுற்றி அதுவே சிறைச் செக்காக மாறும். யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், நானும் ஒரு மாதிரி செய்து காட்டினேன், பார்த்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நான்குனேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் மரச்செக்கு ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். மாடு ஒரு சுற்றுச் சுற்ற 11 நொடி. 264 பிரேம். உலக்கை முனகுகிற முனகல் நெஞ்சுக்குள் இறங்குகிறது. அந்த மாட்டின் இடத்தில் கோவைச் சிறையில் ஒரு வக்கீலைக் கட்டி இழுக்க விட்டார்கள். அதை ஒன்றரை நொடியில் சக்கரமாகச் சுழற்றி அழகு காட்ட எனக்குக் கை வரவில்லை. டைட்டிலிலிருந்து எடுத்துவிட்டேன். செக்கு படத்தில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, மேலிருந்து பார்க்கிற கோணம், தரையில் ஒரு வட்டத் தடம் மட்டும், ஆள் இல்லை. 264 பிரேம், ஒரு முழுச் சுற்று, வெட்டு இல்லாமல். நீளம் என்று எடிட்டர் இரண்டு முறை சொன்னார். இயக்குநர் என் பக்கம் நின்றார்.

கம்பெனிக் கணக்கைக் காட்டுகிற பகுதிக்குத்தான் அதிக நாள் பிடித்தது. 1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. வழக்கமாக இதற்குப் பத்து லட்சம் என்ற எண்ணைக் கிறுகிறுவென்று ஓடவிட்டு நிறுத்துவார்கள். நான் 40,000 பங்கையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். குறுக்கே 200, நெடுக்கே 200 புள்ளி வைத்தால் சரியாக 40,000. புள்ளிக்கு ஐந்து பிக்சல் என்றால் ஆயிரம் பிக்சல் உயரம், திரையின் 1080 பிக்சல் உயரத்துக்குள் கச்சிதமாக அடங்குகிறது. இந்தக் கணக்கு ஒத்து வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் புள்ளிகளைப் போட்டுப் பார்த்தால் திரை முழுக்க ஜலஜலவென்று மினுங்குகிறது, போனில் பார்த்தாலோ எல்லாம் கலங்கிச் சாம்பல் நிறத் தகடு மாதிரி ஆகிவிடுகிறது. அவ்வளவு நெருக்கமான புள்ளிகளை வீடியோச் சுருக்கம் தாங்காது. அதனால் தொடக்கத்தை மாற்றினேன். ஒரே ஒரு வட்டம், திரை பாதியை அடைத்துக்கொண்டு, உள்ளே 25 ரூபாய் என்று. அது யாரோ ஒருவர் போட்ட பணம். கேமரா மெதுவாகப் பின்வாங்கும், பக்கத்தில் இன்னொன்று, நான்கு, நாற்பது, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. தகடாகத் தெரிகிற நேரத்தில் பார்க்கிறவருக்கு அது எதனால் ஆன தகடு என்று தெரிந்திருக்கும். பிறகு அதில் 40 வரிசை மட்டும் நிறம் மாறும். அது ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய 8,000 பங்கு. சொன்னால் காதோடு போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு நிறம் மாறுவதைப் பார்த்தால் ஒரு மனிதர் எவ்வளவு பெரிய நம்பிக்கையை வைத்தார் என்று உறைக்கும்.

அடுத்தது கட்டணப் போட்டி. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கொழும்புக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் என்று குறைத்தது, சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது, வெள்ளைக்காரக் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொண்டு போகிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கியது. இதில் குடையை வைத்து வேடிக்கை காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, குடை விரிவது, பறப்பது என்று. நான் அந்தக் குடையைக் கொஞ்சம்கூட அசைக்கவில்லை. கட்டணத்தைக் காட்டும் பட்டை ஒரு ரூபாயான 16 அணாவிலிருந்து எட்டுக்கு, எட்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது, அந்த வெற்றிடத்தில் ஒரு கறுப்புக் குடை மடித்தபடி சாய்ந்து நிற்கிறது. பணம் உள்ளவன் இலவசமாகக் கொடுத்தே ஒரு கம்பெனியை ஒழிக்க முடியும் என்பதற்கு வேறு படம் வேண்டியதில்லை. 1911-க்குள் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது, வ.உ.சி. அப்போது சிறையில் இருந்தார்.

வரைபடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதில் தவறு செய்கிறவர்கள் அதிகம். இன்றைய மாவட்ட எல்லையை வைத்து 1908-ஐ வரையக் கூடாது. தூத்துக்குடி 1986 வரை நெல்லை மாவட்டம், தென்காசி 2019-ல் பிரிந்தது, இவை பலருக்கும் தெரியும். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாவதற்கு முன்னால் சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் நெல்லைச் சீமைதான், இதை விட்டுவிடுகிறார்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956-ல்தான் நம் பக்கம் வந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊர் அது. மணியாச்சிக்கும் செங்கோட்டைக்கும் நான் ஒரு கோடு போட்டபோது அது ஒரு சமஸ்தான எல்லையைத் தாண்டிப் போனது. அந்த இடத்தில் கோட்டின் ஓட்டத்தை ஆறு பிரேம் நிறுத்தி எடுத்தேன். விளக்கவுரை எதுவும் சேர்க்கவில்லை.

இனி கப்பல். 1907-ல் வந்த காலியா, லாவோ இரண்டும்தான் படத்தின் உயிர். எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள்களில் கப்பலை நெருக்கத்தில் வரைகிற அளவுக்குத் தெளிவான படம் இல்லை. அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களின் படங்களைச் சேகரித்து, புகைபோக்கி ஒன்று, பாய்மரம் இரண்டு என்று ஒரு கப்பலைக் கற்பனையாகக் கட்டினேன். தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிற பாலத்தை ஒட்டி அது வந்து நிற்கிறது, ஜனங்கள் மாலையோடு ஏறுகிறார்கள், புகை சுழல்கிறது. மூன்று வாரம் பிடித்தது. இயக்குநருக்கும் பிடித்துவிட்டது.

தூத்துக்குடியில் தோணி வைத்திருந்த குடும்பம் ஒன்று எங்களுக்குப் பழக்கம். அந்த வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் கொழும்புத் தோணியில் தண்டயலாக, அதாவது தோணியை நடத்துகிற தலைவராக, இருந்தவர். லேப்டாப்பைக் கொண்டுபோய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"தம்பி, இது எந்த ஊருக் கப்பல்?"

"காலியா அண்ணாச்சி. வ.உ.சி. கப்பல்."

"அது சரி. நம்ம கடல்ல இம்புட்டுப் பக்கத்துல வந்தா தரை தட்டிப் போவும்லா. அந்தக் காலத்துல கப்பல் வெளிய, தூரமாத்தான் நங்கூரம் போட்டு நிக்கும். ஆளும் சரக்கும் தோணியிலதான் போவும். இப்ப உள்ள ஹார்பர் நேத்து வந்ததுல்லா?"

நேற்று என்று அவர் சொன்னது 1974. பெரிய துறைமுகமாக அது ஆன வருடம். அதற்கு முன்னால் பழைய துறைமுகத்தில் ஆழம் இல்லை, கப்பல்கள் வெகுதூரம் தள்ளித்தான் நிற்கும் என்று புத்தகத்தில் நானே வாசித்திருக்கிறேன். வாசித்ததும் வரைந்ததும் ஒன்றையொன்று தொடாமலே இருந்திருக்கின்றன. திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று வார வேலை போச்சே என்று மனம் அடித்துக்கொண்டது. வல்லநாடு தாண்டுகிற வரைக்கும் அதே நினைப்புதான். தாமிரபரணிப் பாலம் வந்தபோதுதான் சட்டென்று புரிந்தது. கப்பல் தூரத்தில்தானே நின்றது? அப்படியானால் அதன் நெருக்கமான உருவம் எனக்கு எதற்கு? கரையில் நின்ற ஜனம் பார்த்தது அடிவானத்தில் ஒரு கறுப்பு நிழல், அதன் மேல் ஒரு கீற்றுப் புகை. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். கற்பனையாகக் கட்டிய கப்பலை முழுசாக அழித்தேன். இப்போது ஷாட்டில் முன்னால் கரை, முதுகு காட்டி நிற்கிற தலைகள், நடுவில் தோணிகள், கடைசியில் விரல் நகம் அளவுக்கு ஒரு கப்பல். அந்தச் சின்ன நிழலைப் பார்க்க அத்தனை பேர் எக்கி எக்கி நிற்பது, முன்பு நான் வரைந்த பெரிய கப்பலைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருக்கிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைப்பாகையும் கோட்டுமாக வ.உ.சி. இருக்கிற புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். தயாரிப்புத் தரப்பில் ஒருவர் அதை ஏ.ஐ.யில் போட்டுக் கண் சிமிட்ட வைத்து, வாயசைத்துப் பேச வைத்து அனுப்பியிருந்தார், படத்தின் முடிவில் வைக்கலாம் என்று. உதடு அசைந்த விதம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரட்டை ஆயுள் தண்டனை, நாற்பது வருடம் என்று தீர்ப்பைக் கேட்டு நின்ற முகம் அது. மேல்முறையீட்டில் குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் செய்கிற உரிமையும் இல்லை. அந்த முகம் எப்போது கண் சிமிட்ட வேண்டும் என்று முடிவு செய்ய நான் யார்? புகைப்படம் அசையக் கூடாது, கேமரா வேண்டுமானால் அசையலாம் என்று எழுதி அனுப்பினேன். ஒன்பது நொடியில் நான்கு சதவீதம் மட்டும் நெருங்குகிறது. தலைப்பாகையைப் பின்னணியிலிருந்து வெட்டித் தனியாக நகர்த்துகிற வித்தையைக்கூடச் செய்யவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக வேலையை விட்டுவிடவும் தயாராக இருந்தேன், அந்த நிலைமை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திருத்திய கப்பல் ஷாட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் தூத்துக்குடி போனேன். பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, லேப்டாப்பை மடியில் வைத்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். கப்பலைப் பார்த்ததும் தலையாட்டினார். பிறகு விரலை எடுத்துத் திரையில் ஒரு தோணியைத் தொட்டார்.

"காலியா வந்தது எந்த மாசம்?"

"மே மாசம் அண்ணாச்சி."

"அப்பம் கச்சான் காத்துல்லா, மேக்கேருந்து அடிச்சிருக்கும். கரையிலருந்து கப்பலுக்குப் போற தோணிக்குப் பாய் கடல் பக்கம் வீங்கணும். நீங்க கரைப் பக்கம் வீங்க வச்சிருக்கீய."

மூன்று தோணி, 190 பிரேம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஃபைலைத் திறந்து முதல் தோணியின் பாயைத் திருப்பி வரையத் தொடங்கினேன். இரண்டு முடிந்திருக்கிறது.